மூன்றாவது ஆள் வந்ததும் படம் போய்விடுகிறது: சொந்த சர்வரில் வீடியோ கூட்டம்

2025 ஏப்ரல் 5, மாலை. திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

எங்கள் டிரஸ்டுக்கு ஆறு ஊர்களில் அலுவலகம். வாரக் கூட்டத்துக்காக ஜிட்சி என்ற வீடியோ கூட்ட நிரலைச் சொந்த சர்வரில் போட்டோம். இரண்டு பேர் பேசினால் கண்ணாடி மாதிரி தெரிகிறது. மூன்றாவது ஆள் உள்ளே வந்த நொடியில் எல்லோருக்கும் படமும் சத்தமும் போய்விடுகிறது. பெயர் மட்டும் நிற்கிறது. சர்வரை இரண்டு முறை அழித்துப் புதிதாகப் போட்டுப் பார்த்தாயிற்று. இன்னொன்று. ஜூம் பாதுகாப்பில்லை என்று அரசே சொன்னதால்தான் இந்தப் பாடு. சொந்த சர்வர் என்றால் வெளியே யாரும் கேட்க முடியாது, சரிதானே?

ஏப்ரல் 5, இரவு

மூன்றாவது முறை அழிக்க வேண்டாம். நாங்கள் மார்ச் 30 அன்று போட்டுவிட்டு இதே இடத்தில் இரண்டு நாள் முட்டிக்கொண்டு நின்றோம்.

ஜிட்சியில் இரண்டு பேர் மட்டும் இருந்தால் படமும் குரலும் வீடியோ சர்வர் வழியாக வருவதே இல்லை. ஒரு ஃபோனிலிருந்து இன்னொரு ஃபோனுக்கு நேராகப் போய்விடும். மூன்றாமவர் நுழைந்ததும்தான், எல்லோர் படத்தையும் வாங்கிப் பகிர்ந்து கொடுக்கும் வீடியோபிரிட்ஜ் என்ற பகுதி வேலைக்கு வரும். அப்போதுதான் எல்லாம் போகிறது என்றால், பிரிட்ஜுக்கு வெளியிலிருந்து வழி இல்லை என்று அர்த்தம்.

ரவுட்டரில் 443 என்ற கதவை (போர்ட்) திறந்திருப்பீர்கள், அதனால்தான் பக்கம் வருகிறது. யூடிபி 10000-ஐத் திறந்தீர்களா? யூடிபி, டிசிபி இரண்டும் தரவு போகும் வெவ்வேறு முறைகள். டிசிபி 10000 என்று போட்டிருந்தால் பயன் இல்லை, நான் அதைத்தான் செய்திருந்தேன். அது சரியாக இருந்தும் வரவில்லை என்றால் பிரிட்ஜின் அமைப்புக் கோப்பைப் பாருங்கள். சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் 192.168 முகவரியில் இருக்கும்போது, பிரிட்ஜ் அந்த உள்முகவரியையே உசிலம்பட்டியில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து "இங்கே அனுப்பு" என்று சொல்லிக்கொண்டிருக்கும். உள்முகவரி எது, வெளிமுகவரி எது என்று இரண்டையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒன்று. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அந்த முகவரி உங்களுக்கு மட்டும் உரியதில்லை. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொதுமுகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. அப்படியானால் எந்தக் கதவைத் திறந்தும் வேலைக்கு ஆகாது. நிலையான ஐபி வாங்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு நாளை எழுதுகிறேன். அது இவ்வளவு சுலபம் இல்லை.

ஏப்ரல் 6

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் எதற்கு இவ்வளவு பயப்படுகிறேன் என்று புரியாது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றில் கணினி, இணையம், பிரிண்டர் எல்லாம் என் பொறுப்பு. தலைமை அலுவலகம் மதுரையில், கிளைகள் ஒன்பது. மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர் என்று நாலா பக்கமும். சனிக்கிழமை கிளைகளின் வசூல், கடன் பற்றிய கூட்டம், ஏறக்குறைய 25 பேர். அதில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள், வீட்டில் அடி, மிரட்டல் என்று சிக்கலில் இருக்கும் பெண்களோடு எங்கள் ஆலோசகர் அக்கா தனியாகப் பேசுவார். அந்தப் பேச்சு வெளியே போனால் ஒரு பெண்ணுக்கு அன்று இரவே அடி விழும். எனக்குப் பாதுகாப்பு என்றால் அதுதான்.

ஜூம் விஷயம் 2020 ஏப்ரலில் நடந்தது. மத்திய உள்துறை அமைச்சகம் அது பாதுகாப்பான தளம் இல்லை என்று அறிவுரை வெளியிட்டது. அதே மாதம் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள், நிறுவனம் சொன்ன ஏஇஎஸ் 256 என்ற பூட்டுக்குப் பதிலாக, அதைவிடச் சின்னச் சாவி கொண்ட ஏஇஎஸ் 128-ஐ ஈசிபி என்ற முறையில் பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினார்கள். ஈசிபியின் குறை என்ன என்றால், ஒரே மாதிரியான துண்டு உள்ளே போனால் பூட்டிய பிறகும் ஒரே மாதிரியாகத்தான் வெளியே வரும். சுங்குடிச் சேலையை எந்தச் சாயத்தில் முக்கினாலும் புள்ளிக்கோலம் தெரியுமே, அப்படி. ஆனால் அந்த ஆண்டே மே மாதம் பூட்டும் முறையை மாற்றினார்கள், அக்டோபரில் முனைக்கு முனை குறியாக்கமும், அதாவது பேசுபவர்களின் கருவியில் மட்டும் திறக்கும் பூட்டும், கொடுத்தார்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய காரணத்தை வைத்துக்கொண்டு இன்று முடிவெடுக்க வேண்டாம்.

சரி, சொந்த சர்வர் என்றால் யாரும் கேட்க முடியாதா? வழியில் யாரும் கேட்க முடியாது, அது உண்மை. உலாவி வழியாகப் போகும் இந்த வகைப் பேச்சு எல்லாமே பூட்டித்தான் போகும், அதை அணைக்கவே வழி இல்லை. ஆனால் மூன்று பேர் கூட்டத்தில் அந்தப் பூட்டு பிரிட்ஜ் வரைக்கும்தான். அங்கே திறந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மறுபடி பூட்டி அனுப்புகிறது. ஆக, அந்த சர்வரை நடத்துபவர் மனது வைத்தால் கேட்கலாம். எங்கள் இடத்தில் அதை நடத்துவது நான். அந்தப் பெண்களை என்னிடமிருந்தும் காப்பாற்றியாக வேண்டும். அதை நான் சொல்லியே ஆக வேண்டும், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

முனைக்கு முனை பூட்ட ஜிட்சியில் ஒரு பொத்தான் இருக்கிறது. எல்லா ஃபோனிலும் எல்லா உலாவியிலும் அது வருவதில்லை. போட்டால் சர்வரில் பதிவு செய்யவும் முடியாது.

ஏப்ரல் 6, பிற்பகல்

மேலே எழுத விட்டது. போட்டவுடன் அப்படியே விட்டால், முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வரில் அறை திறக்கலாம். நாங்கள் போட்ட முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத அறைப் பெயர்கள் லாகில், அதாவது சர்வர் தானாக எழுதும் குறிப்பேட்டில், வந்தன. ஜிட்சியில் யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் பகுதி பிரோசடி. அதில் உள்நுழைவைக் கட்டாயம் ஆக்குங்கள். கூட்டம் நடத்துபவருக்குப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும், மற்றவர்கள் அவர் வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். லாபியையும் போட்டுவிடுங்கள், ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விடலாம். இதை இன்றே செய்யுங்கள், மூன்றாவது ஆள் பிரச்சினை அப்புறம்.

ஏப்ரல் 9

லைன் எவ்வளவு வேண்டும் என்று சோழவந்தானிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எங்களிடம் 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், ஏற்றமும் (அப்லோடு) இறக்கமும் (டவுன்லோடு) ஒரே அளவு. சாதாரண ஃபைபர் திட்டத்தில் 100 என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் ஏற்றம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்வருக்கு முக்கியம் ஏற்றம்தான். நல்ல படம் ஒன்றுக்கு ஆளுக்கு 1.5 என்று வைத்தால் 25 பேருக்கு 37.5. 50 போதும்.

ஏப்ரல் 10

நேற்றுப் போட்ட கணக்கு தப்பு. அதைப் பார்த்து யாரும் லைன் எடுத்துவிட வேண்டாம். ஒருவர் சரியாகப் பிடித்துச் சொன்னார்: திரையில் பெரிய படம் ஒன்று மட்டுமா இருக்கிறது, ஓரத்தில் வரிசையாகச் சின்னப் படங்களும் இருக்கின்றனவே?

ஆமாம். ஒவ்வொருவரும் தன் படத்தைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அளவில் சர்வருக்கு அனுப்புகிறார். யாருக்கு எந்த அளவு தேவையோ அதை மட்டும் பிரிட்ஜ் எடுத்துக் கொடுக்கிறது. சின்னப் படம் ஒன்றுக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். பெரிய படம் ஒன்றும் சின்னப் படம் ஒன்பதும் தெரிந்தால் ஆளுக்கு 3.3. 25 பேருக்கு 82.5. எங்கள் 50 திணறும். போன சனிக்கிழமை திணறவும் செய்தது, நான் கிளைகளின் ஃபோன்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று மாற்றியது: ஒரே நேரத்தில் நான்கு பேரின் படம் மட்டும் தெரியும், பெரிய படமும் 360 வரிசை அளவுக்கு மேல் போகாது. அதற்கு 0.5. கூடவே மூன்று சின்னப் படங்களுக்கு 0.6. ஆளுக்கு 1.1, 25 பேருக்கு 27.5. பேசுபவர் மாறினால் படமும் தானாக மாறிக்கொள்ளும். தவணை விவரம் கேட்கும் கூட்டத்தில் 25 முகம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உசிலம்பட்டிக் கிளை அக்கா முதல் வாரமே சொன்னார்: "தம்பி, பேசுறது வெட்டாமக் கேட்டாப் போதும்ப்பா, மூஞ்சி எதுக்கு?" அவர் சொன்னதைக் கணக்காகப் போட எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஏப்ரல் 12

திருமங்கலம் நண்பருக்கு வந்துவிட்டதாம். அவர் ரவுட்டரிலும் டிசிபி 10000 என்றுதான் இருந்ததாம். மகிழ்ச்சி.

ஏப்ரல் 19

"இவ்வளவு பாடு எதற்கு, வாட்ஸப் வீடியோ போதாதா?" என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. வாட்ஸப் அழைப்பு முனைக்கு முனை பூட்டியதுதான். குழு அழைப்பில் 32 பேர் வரை சேரலாம். பூட்டை மட்டும் பார்த்தால் என் சர்வரை விட அது உறுதி என்றே சொல்வேன்.

ஆனால் எங்கள் ஆலோசகர் அக்கா வாட்ஸப்பில் அழைத்தால் அந்தப் பெண்ணின் ஃபோனில் அக்கா பெயர், நேரம், எவ்வளவு நேரம் பேசினார் என்று பட்டியலாக நிற்கும். அந்த ஃபோனைக் கணவர் எடுத்துப் பார்ப்பார். பல வீடுகளில் ஃபோனே ஒன்றுதான். கடலுக்கு அப்பால் இருக்கும் ஹேக்கருக்குப் பயந்து நான் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்க, ஆபத்து அதே கட்டிலில் தூங்குகிறது.

அதனால்தான் உலாவியில் திறக்கும் ஜிட்சி என்று முடிவு செய்தோம். ஒரு லிங்க், பேசி முடித்ததும் மூடிவிடலாம், அழைப்புப் பட்டியலில் வராது.

ஏப்ரல் 19, இரவு

எழுதிவிட்டு யோசித்தபோது வயிறு கலங்கியது. உலாவியில் வரலாறு இருக்கிறதே? அறையின் பெயர் முகவரியிலேயே இருக்கிறதே?

உடனே சர்வரில் பார்த்தேன். ஆலோசனை அறைகளுக்கு எங்கள் ஆட்கள் ஊர்ப் பெயரும் அந்தப் பெண்ணின் பெயரும் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை, கோப்புக்கு அப்படித்தான் பெயர் வைப்பார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதனால் என்ன ஆகிறது? எந்தப் பெண் எந்த நாளில் எவ்வளவு நேரம் பேசினார் என்பது லாகில் பச்சையாக இருக்கிறது. அவர் பேசியதைப் பூட்டி வைத்துவிட்டு, அவர் பேசினார் என்பதை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து ஆலோசனை அறைகளுக்கு நிரல் தரும் அர்த்தமில்லாத எழுத்து வரிசைதான். ஒரு முறை பயன்படுத்தியதை மறுபடி பயன்படுத்துவதில்லை. லிங்கை எப்போதும் வரலாற்றில் பதியாத மறைநிலை ஜன்னலில் திறக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

மே 6

ஸ்கைப்பை நேற்றோடு மூடிவிட்டார்கள். எங்கள் பேரையூர்க் கிளையில் ஒருவர் இன்னும் அதில்தான் மகனோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்டார்: "நம்ம ஜிட்சியையும் ஒரு நாள் மூடிருவாங்களா?" மூடினாலும் நிரல் நம்மிடம் இருக்கும், திறந்த மூலம். ஜிட்சி 2003-இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் திட்டமாகத் தொடங்கி, இரண்டு மூன்று கம்பெனிகளின் கை மாறியும் நிற்கிறது. மற்றபடி அவர் கேள்விக்கு என்னிடம் முழு பதில் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றால், நிரல் கையில் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மே 13

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கோரிப்பாளையம் பக்கம் நின்றால் ஃபோனில் சிக்னல் கோடு முழுதாக இருக்கும், ஒரு படம் கூட நகராது. அத்தனை லட்சம் பேரும் அதே கோபுரங்களில் தொங்கினால் வேறென்ன ஆகும். கூட்டத்தை ஒரு வாரத்துக்கு முன்பே தள்ளி வைத்துவிட்டோம். சித்திரைத் திருவிழா நாட்களில் மொபைல் டேட்டாவை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

தூரத்துக் கிளைகளுக்கு லைன் வராத பிரச்சினையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, தேனிப் பக்கத்துக் கண் மையங்களை நெடுந்தூர வைஃபை வழியாக இணைத்தது. கிராமத்தில் உட்கார்ந்திருப்பவரை நகரத்தில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் பார்த்தார். சாதாரண வைஃபை நெடுந்தூரத்துக்குச் சரிப்படாது. தரவுப் பொட்டலம் போய்ச் சேர்ந்தது என்ற பதில் கொஞ்சம் தாமதித்தாலே, வரவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அதனால் யார் எந்த நேரத்துண்டில் பேச வேண்டும் என்று முறை வைத்து அதை மாற்றி எழுதினார்கள். ஆண்டுக்கணக்காக நடத்திப் பார்த்துவிட்டு அவர்கள் பெரிய தொல்லை என்று எழுதியது ரேடியோவை இல்லை. மோசமான மின்சாரத்தை.

இருபது வருடம் கழித்து எனக்கும் அதே கதைதான். எங்கள் கிளைகளில் இணையம் போனதாக வந்த புகார்களில் பாதிக்கு மேல் மின்சாரத்தில்தான் போய் முடிந்தது. மாதாந்திர ஷட்டவுன் என்றால் காலை 9 முதல் மாலை 5 வரை. அது முன்கூட்டித் தெரிந்துவிடும், கூட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். திடீர் கட்தான் கழுத்தை அறுக்கிறது. கிளையில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது, ஆனால் ரவுட்டர் மட்டும் அணைந்து மறுபடி எழுந்து வர மூன்று நிமிடம். கூட்டத்தில் அந்தக் கிளை காணாமல் போய்விடும். இன்வெர்ட்டர் பின்னால் யூபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் மாறும் இடைவெளி குறையும், பல ரவுட்டர்கள் தாங்கிவிடும். தாங்கவில்லை என்றால் டவுன்ஹால் ரோட்டில் 12 வோல்ட் ரவுட்டர் யூபிஎஸ் கிடைக்கிறது. ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் காப்பாற்றி எந்தப் பயனும் இல்லை.

மே 24

இன்று சர்வரின் வெளிக்கதவுகளைக் குறைத்தேன். நிர்வாக வேலைக்கான 22-ஐ வெளியே இருந்து மூடிவிட்டு, வயர்கார்டு என்ற பூட்டிய தனிவழி (விபிஎன்) மூலமாக மட்டும் உள்ளே போகும்படி செய்தேன். திறந்திருப்பவை: டிசிபி 443, யூடிபி 10000, நேர்வழி கிடைக்காதவர்களின் சுற்றுவழிக்கு 3478-உம் 5349-உம், வயர்கார்டுக்கு ஒன்று. 80 எதற்கு, எல்லாம் 443-இல்தானே வருகிறது என்று அதையும் மூடிவிட்டேன். நிர்வாகக் கடவுச்சொல் இனி என்னிடம் பாதி, கணக்காளர் அக்காவிடம் பாதி. ஏப்ரல் 6 அன்று எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது.

கிளைகளில் சிசிடிவிப் பெட்டியும் டேப்லெட்டும் ஒரே வலையில் இருந்தன. கேமராப் பெட்டிக்கு வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லே இன்னும் இருந்தது. அதற்குத் தனி வீலேன் (ஒரே வயரில் பிரித்த தனி வலை) போட்டுப் பிரித்துவிட்டேன்.

ஜூன் 12

கோபமாக இருக்கிறது, என் மேல்தான்.

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பதிவு செய்ய ஜிப்ரி என்ற துணை நிரலைத் தனிக் கணினியில் போட்டிருந்தேன். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு குரோம் உலாவியைத் திறந்து, கூட்டத்தில் ஓர் ஆளாக உட்கார்ந்து, திரையில் தெரிவதைப் படமாகப் பிடித்துக் கோப்பாக வைக்கும். வராதவர்கள் பார்க்கட்டும் என்று அந்தக் கோப்புறையை எல்லா ஊழியருக்குமான பொது டிரைவோடு இணைத்திருந்தேன். நேற்று ஒரு புதிய களப்பணியாளர் கேட்கிறார்: "சார், இதுல ஒரு அக்கா அழுதுட்டுப் பேசுற வீடியோ இருக்கே, அதுவும் பாக்கணுமா?"

ஆலோசனை அறையில் யாரோ பதிவுப் பொத்தானைத் தொட்டிருக்கிறார்கள். 14 நிமிடம். அந்தக் கோப்பு ஆறு நாள் எல்லோருக்கும் திறந்து கிடந்திருக்கிறது. யார் திறந்தார்கள் என்று டிரைவில் பார்த்தோம், அவர் ஒருவர்தான், அதுவும் அரை நிமிடம். அழித்துவிட்டோம். ஆலோசகர் அக்கா அந்தப் பெண்ணை நேரில் பார்த்து நடந்ததைச் சொல்லிவிட்டார். சொல்லத் தேவையில்லை, யாருக்கும் தெரியாது என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய பேச்சு அது.

இனி ஆலோசனை அறைகளில் பதிவு என்ற வசதியே இல்லை, பொத்தானையே எடுத்துவிட்டேன். சனிக்கிழமைப் பதிவு 30 நாளில் தானாக அழியும்.

ஜூன் 13

"180 நாள் பதிவை வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, எப்படி அழிக்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு: அது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு. அதில் சொல்வது கணினி லாகுகளை. யார் எப்போது எங்கிருந்து நுழைந்தார் போன்ற குறிப்புகள். கூட்டத்தின் வீடியோவை இல்லை. தமிழில் இரண்டையும் பதிவு என்றே சொல்வதால் வரும் குழப்பம். அதே உத்தரவில் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அவர்களுடைய தொடர்பு எண்ணைச் சுவரில் ஒட்டி வையுங்கள், நடக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

லாகை 180 நாள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதால்தான் ஏப்ரல் 19 அன்று அறைப் பெயர்களைப் பார்த்து அப்படிப் பதறினேன்.

ஜூன் 28

காலை 10 மணிக் கூட்டம் நடக்கவில்லை. ஒன்பது கிளையிலும் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்று சிவப்பாக வருகிறது. சான்றிதழ் காலாவதி. அப்புறம் எழுதுகிறேன்.

ஜூன் 29

இந்த முகவரி நமதுதான் என்று உலாவிக்குக் காட்டுவது சான்றிதழ். அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழுக்கு 90 நாள்தான் ஆயுள். மார்ச் 30-இல் வாங்கியது நேற்றோடு முடிந்தது. தானாகப் புதுப்பிக்கும் நிரல் ஒரு மாதமாக முயன்று தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. இந்த முகவரி நமதுதானா என்று அவர்கள் சோதிக்க வருவது 80-ஆம் கதவு வழியாக. அதை மே 24 அன்று நான் மூடிவிட்டேன். மேலே எழுதியே வைத்திருக்கிறேன், பாருங்கள். முன்பெல்லாம் காலாவதிக்கு முன்னால் அவர்களே மின்னஞ்சல் அனுப்புவார்கள். அந்தச் சேவையை இந்த ஜூன் 4-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள்.

80-ஐத் திறந்தேன், இரண்டு நிமிடத்தில் புதுச் சான்றிதழ் வந்துவிட்டது. சான்றிதழுக்கு இன்னும் எத்தனை நாள் என்று தினமும் பார்த்து, 21-க்குக் கீழே போனால் எனக்கும் கணக்காளர் அக்காவுக்கும் செய்தி அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிட்டேன்.

எனக்கு உறைத்தது வேறு. இரண்டு கிளைகளில் அந்தச் சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போக முயன்றிருக்கிறார்கள். நாம் என்ன பயிற்சி கொடுத்திருக்கிறோம்? அந்தத் திரை வந்தால் நிறுத்து, எனக்கு ஃபோன் செய் என்று ஒரு முறையாவது சொல்லியிருக்க வேண்டும். இன்று ஒன்பது பேருக்கும் தனித்தனியாக அழைத்துச் சொன்னேன்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. எழுமலையில் கிளைக்கு எதிரே கூழ் ஊற்றுகிறார்கள், கூம்பு ஒலிபெருக்கி நேராக ஜன்னலைப் பார்த்திருக்கிறது. இரைச்சல் அடக்கும் வசதியைப் போட்டால் அது பேசுபவரின் குரலையும் சேர்த்துக் கடித்துவிடுகிறது. வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் கம்பி ஹெட்செட்தான் ஒரே வழி. ப்ளூடூத் வேண்டாம். அது தன் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். ஒருவர் பேசியது மற்றவர் காதுக்குப் போக 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. அதைத் தாண்டிப் போகப் போக ஒருவர் பேச்சில் ஒருவர் ஏறத் தொடங்குவார்கள்.

ஒரே அறையில் இரண்டு ஃபோன் வைத்துச் சேர வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும் யாராவது செய்கிறார்கள். ஊளையிடும் சத்தம் வந்தால் அதுதான் காரணம்.

ஹெட்செட்டை நாங்கள் வாங்கிய முதல் காரணம் இரைச்சல் இல்லை. ஆலோசகர் அக்கா பேசுவது அந்தப் பக்கம் அறைக்குள் இருக்கும் மாமியாருக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக. அப்போதும் பெண் சொல்வது கேட்குமே? அதனால் அக்கா கேள்விகளை ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேட்பார். "கொழம்பு வச்சாச்சா?" என்று அந்தப் பெண் கேட்டால் பேச்சை நிறுத்து என்று அர்த்தம். இந்தச் சொல்லை இப்போது மாற்றிவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3

ஏப்ரல் 19 அன்று எழுதியதைத் திருத்துகிறேன். உலாவி, மறைநிலை ஜன்னல், அர்த்தமில்லாத அறைப் பெயர், ஹெட்செட், ரகசியச் சொல். எல்லாம் செய்தும் ஆலோசகர் அக்கா போன மாதம் என்னிடம் சொன்னார்: "தம்பி, அவ வீட்டுல இருந்து பேசுற வரைக்கும் பாதிதான் பேசுவா." இந்த ஆலோசனை அந்தப் பெண்ணின் ஃபோனில் நடக்கவே கூடாது என்பதுதான் விடை.

இப்போது இப்படி. குழுக் கூட்ட நாளில் பெண்கள் கிளைக்கு வருவது ஊருக்குத் தெரிந்த வழக்கம். யாரும் ஏன் போகிறாய் என்று கேட்பதில்லை. கிளையின் பின்னால் சாமான் போட்டிருந்த சின்ன அறையைக் காலி செய்தோம். ஒரு நாற்காலி, ஒரு டேப்லெட், ஒரு கம்பி ஹெட்செட். டேப்லெட் எங்கள் வலையில், உலாவி மட்டும் திறக்கும், மூடினால் எல்லாம் அழியும். பாஸ்புக்கில் கையெழுத்துப் போட உள்ளே போனது போல இருக்கும். இரண்டு பேர் மட்டும் என்பதால் படமும் குரலும் நேராகப் போய்விடும், பிரிட்ஜுக்கு வேலை இல்லை. முன்பு ஒரு பெண் சராசரியாகப் பத்து நிமிடம் பேசினால், இப்போது அரை மணி நேரம் ஆகிறது என்று அக்கா சொல்கிறார்.

இதை முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கலாம். நான் போர்ட் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 16

திருமங்கலம் நண்பர் அவர்கள் டிரஸ்டிலும் தனி அறை வைக்கப் போவதாக எழுதியிருக்கிறார். வைக்கும் முன் அந்த நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து நான்கு பக்கமும் பாருங்கள். எல்லா அறையையும் நேரில் பார்க்க இந்த வாரம் ஒவ்வொரு கிளையாகப் போனேன். ஒரு கிளையில், சாமான் அறையாக இருந்த காலத்தில் மாட்டிய கேமரா மூலையில் அப்படியே இருக்கிறது. நேராக நாற்காலியைப் பார்த்து. அதில் மைக்கும் உண்டு. மே மாதம் நான் தனி வீலேன் போட்டுப் பத்திரமாகப் பிரித்து வைத்த அதே கேமராதான். பெட்டியில் பார்த்தால் இரண்டு வாரப் பேச்சு இருந்தது. இந்த முறையும் அக்கா அந்தப் பெண்களிடம் நேரில் சொல்லியிருக்கிறார். மூன்று பேர்.

கேமராவைக் கழற்றி, பெட்டியில் இருந்ததை அழித்தாயிற்று. சுவரில் ஆணி இருந்த ஓட்டையையே அவர்கள் பார்த்துக்கொண்டு பேசுவதாக அக்கா சொன்னார். புதன்கிழமை கொத்தனாரோடு போய்ப் பூசிவிட்டு வர வேண்டும்.